மூளைக்கும் ‘கைரேகை’ உண்டு... ஆனா, அது ஜாதகம் இல்ல!

ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே சிலபஸ், அதே மெஸ் சாப்பாடு. உங்கள் ரூம்மேட் காதில் ஹெட்செட் மாட்டிக்கிட்டே படிச்சு முடிச்சுடுறார். உங்களுக்கோ ஃபேன் சத்தம்கூட டிஸ்டர்ப். ‘என் மூளையே இப்படித்தான் போல!’ என்று உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். மூளை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது உண்மைதான். ஆனால், ‘இப்படித்தான்’ என்று முத்திரை குத்திக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல்!

ரோடு வேற... டிராஃபிக் வேற!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளையின் பகுதிகளை நரம்பு இழைகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. இதை ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பகுதிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்குகின்றன என்பது அந்த ரோட்டில் ஓடும் டிராஃபிக் மாதிரி. ‘எஃப்.எம்.ஆர்.ஐ’ ஸ்கேன், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை வைத்து இந்த டிராஃபிக்கைக் கணக்கிடுகிறது. இரண்டு பகுதிகளில் இந்த அளவு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால், அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். இதற்காக நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. அசையாமல் சும்மா படுத்திருந்தாலே போதும்.

பெயர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்!

2015-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 126 பேரின் ஸ்கேன்களை எடுத்துக்கொண்டார்கள். மூளையை 268 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். மொத்தம் 35,778 ஜோடிகள்! ஒருநாள் எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் எடுத்த ஸ்கேன்களில் அதே ஆள் யார் என்று கம்ப்யூட்டரிடம் தேடச் சொன்னார்கள். சும்மா படுத்திருந்தபோது எடுத்த ஸ்கேன்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் சரியான விடை வந்தது. அதனால்தான் இதை ‘மூளையின் கைரேகை’ என்கிறார்கள்.

ஆளைக் காட்டிக்கொடுத்ததில் முக்கியப் பங்கு, கவனம், திட்டமிடுதல் போன்ற வேலைகளைச் செய்யும் நெற்றிப் பக்கத்து வலைப்பின்னல்களுக்கு. பார்ப்பது, கை காலை அசைப்பது போன்ற அடிப்படை வேலைகளுக்கான பகுதிகள் நம் எல்லோருக்கும் ஓரளவு ஒரே மாதிரிதான். மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், ஒரே கருவில் உருவான இரட்டையர்களின் மூளை இணைப்புகள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை.

காபியும் மாவுக்கட்டும்

கைரேகை மாறாது. மூளை மாறும்!

ரஸ்ஸல் போல்ட்ராக் என்ற அமெரிக்க ஆய்வாளர், சுமார் 18 மாதங்கள் தன் மூளையைத் தானே திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்துகொண்டார். செவ்வாய்க்கிழமை என்றால் வெறும் வயிறு, காபி கிடையாது. வியாழக்கிழமை வழக்கம்போலச் சாப்பாடும் காபியும். இரண்டு நாள்களிலும் அவருடைய மூளை இணைப்புகளில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. ஒரே ஆள்தான், ஒரே மூளைதான்!

2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். எந்த அடியும் படாத மூன்று பேரின் வலது கைக்கு, இரண்டு வாரங்கள் கட்டுப் போட்டார்கள். இரண்டே நாள்களில், அந்தக் கையை இயக்கும் மூளைப்பகுதி மற்ற இயக்கப் பகுதிகளோடு இருந்த தொடர்பைக் குறைத்துக்கொண்டது. கட்டைப் பிரித்ததும் தொடர்பு மறுபடி திரும்பிவிட்டது.

ஏமாறாதீங்க!

‘நான் ரைட் பிரெய்ன் ஆளு, எனக்கு கணக்கு வராது’ என்று சொல்பவரா நீங்கள்? 2013-ல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் ஸ்கேன்களை அலசினார்கள். மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது நிஜம். ஆனால், மொத்த மூளையும் இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ ஓங்கி இருக்கும் ஆள்கள் என்று யாரும் தனியாகத் தென்படவில்லை.

அதேபோல, குழந்தையின் விரல் ரேகையை ஸ்கேன் செய்து, ‘இவனுக்கு இன்ஜினீயரிங் மூளை’ என்று ரிப்போர்ட் கொடுப்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். மூளையின் ‘கைரேகை’ என்பது வெறும் உவமைதான். விரல் நுனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜமான மூளை ஸ்கேனே ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லிவிடாது. மூளை இணைப்புகளுக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் கண்டறிய ஆயிரக்கணக்கானவர்களின் ஸ்கேன்கள் தேவை என்று 2022-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு சொன்னது. அதுவும் சராசரியாகத்தான் பேசும். உங்களைப் பற்றித் தனியாகத் தீர்ப்பு எழுதாது.

அப்போ என்ன பண்ணலாம்?

ஸ்கேன் மெஷின் இல்லாமலே போல்ட்ராக் பாணியை முயன்று பாருங்கள். இரண்டு வாரம், போன் நோட்ஸில் தினமும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரத்தில் படித்தீர்கள், எவ்வளவு நேரம் கவனம் நின்றது. உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்பது அதிலேயே பிடிபட ஆரம்பிக்கும்.

ரூம்மேட் ஹெட்செட்டோட படிக்கட்டும். நீங்க ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் படிங்க. அவர் மூளை அவருக்கு... உங்க மூளை உங்களுக்கு!