சிப்புக்கு ரூ.76,000 கோடி, குவாண்டத்துக்கு ரூ.6,000 கோடி... மத்திய அரசு போடும் கணக்கு என்ன?

காரை புக் பண்ணிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தது ஞாபகம் இருக்கா? கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஏற்பட்ட சிப் தட்டுப்பாடுதான் காரணம். அந்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவில், 2021 டிசம்பரில், செமிகண்டக்டர் தொழிலுக்கு ரூ.76,000 கோடி திட்டத்தை மத்திய அமைச்சரவை அங்கீகரித்தது. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6,003 கோடி. செய்திகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும், இரண்டும் வேற வேற பந்தயம்.

பாதிச் செலவு அரசுடையது

சிப் திட்டம் புரிந்துகொள்ள எளிது. ஆலை கட்டும் நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் 50 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கும். மாநில அரசின் சலுகை தனி. குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம், தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து அமைக்கும் ஆலையின் மதிப்பு ரூ.91,000 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்க. மொத்த ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆலைக்குப் போய்விடும்!

ஏன் இவ்வளவு? சிப்பை உருவாக்குவது வேறு, உருவான சிப்பை வெட்டி, உறை போட்டு, சோதிப்பது வேறு. முதல் வேலைக்குத் தூசியே இல்லாத அறை, மிகத் தூய்மையான தண்ணீர், ஒரு நொடிகூட தடைபடாத மின்சாரம் எல்லாம் வேண்டும். குஜராத் சனந்தில் உள்ள மைக்ரான், அசாமில் உள்ள டாடா ஆலைகள் இரண்டாவது வகை.

தொலேராவில் தயாராகப்போவது 28 நானோமீட்டர் மற்றும் அதைவிடப் பழைய தலைமுறை சிப்கள். புது ஐபோனுக்கு இது உதவாது. ஆனால் கார், வாஷிங் மெஷின், மின் மீட்டர் எல்லாம் ஓடுவது இந்த மாதிரி சிப்பில்தான். முதல் படியாக இது நியாயமான தேர்வுதான்.

நாம் முன்பே தொடங்கியவர்கள்!

பஞ்சாபின் மொஹாலியில் அரசு ஆலை 1984-லேயே சிப் தயாரித்தது. இன்று உலகின் நம்பர் ஒன் ஆன தைவானின் டிஎஸ்எம்சி பிறந்ததே 1987-ல்தான். 1989-ல் மொஹாலி ஆலை தீயில் எரிந்தது. மீண்டு வருவதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டது. விண்வெளிக்கான 'விக்ரம்' சிப் இப்போது அங்கேதான் தயாராகிறது, 180 நானோமீட்டரில்.

தமிழ்நாட்டுக்கு என்ன?

2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்ற 10 திட்டங்களில் குஜராத்துக்கு 4, ஒடிசாவுக்கு 2. அசாம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஆந்திராவுக்குத் தலா ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் போனைக் கோக்கிறோம், உள்ளே போகும் சிப் வெளியிலிருந்து வருகிறது. 2025 பட்ஜெட்டில் மாநில அரசு ரூ.500 கோடியில் தனி செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. தொலேரா தொகையோடு ஒப்பிட்டால் சின்னதுதான். அதனால் சிப் வடிவமைப்பு, பயிற்சி, அதற்கான இயந்திரத் தயாரிப்பு ஆகியவற்றில் தமிழ்நாடு குறிவைப்பது புத்திசாலித்தனம்.

அப்போ குவாண்டம்?

இதில் ஆலை இல்லை, ஆய்வகம்தான். சாதாரண கணினியின் பிட் 0 அல்லது 1. குவாண்டம் கணினியின் கியூபிட், இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். லேசான சூடு, அதிர்வு பட்டாலே கெட்டுப்போகும். எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை கொண்ட கணினிகளை உருவாக்குவது இலக்கு.

இதில் சென்னைக்கு இடம் உண்டு. நான்கு மையங்களில், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியிடம் இருக்கிறது. கணினி பெங்களூரு ஐஐஎஸ்சியிடமும், சென்சார் மும்பை ஐஐடியிடமும், அதற்கான பொருட்கள் டெல்லி ஐஐடியிடமும் உள்ளன.

சென்னை பார்க்கும் வேலை உங்கள் பேங்க் கணக்கு வரை வரும். இன்று நெட் பேங்கிங்கைக் காக்கும் பூட்டுகளை, போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினியால் உடைக்க முடியும். அது வரும்வரை காத்திருக்காமல், பூட்டிய தகவல்களை இப்போதே திருடிச் சேர்த்துவைத்து, பிறகு திறக்கலாம் என்பதுதான் பயம். குவாண்டம் முறையில் சாவியை அனுப்பினால், நடுவில் யாராவது எட்டிப்பார்த்தாலே அது மாறிவிடும், காட்டிக்கொடுத்துவிடும். செயற்கைக்கோள் வழியாக 2,000 கி.மீ. தூரத்துக்கு இப்படிப் பாதுகாப்பாகப் பேச வைப்பது, 2031-க்குள் முடிக்க வேண்டிய இலக்குகளில் ஒன்று.