கால்வாய்க்கரைக் கொம்பனித்தெரு

தண்ணீரோரத்து ஊருக்குத் தீவு என்று பேர் வைப்பது நமக்குப் புதிதல்ல. திருகோணமலையில் சாம்பல்தீவு இருக்கிறது. கொழும்பிலும் அப்படியொன்று உண்டு. ஆங்கிலேயர் அதை 'ஸ்லேவ் ஐலண்ட்', அடிமைத் தீவு என்று எழுதினார்கள். எங்கட ஆக்களுக்கு அது எப்பவும் கொம்பனித்தெருதான்.

அடிமைத் தீவு என்ற பேருக்கு ஒரு மூலம் உண்டு. ஒல்லாந்தக் கொம்பனியின் அடிமைகள் பகலில் கோட்டையில் வேலை செய்தார்கள். இரவில் பேரை வாவிக்கு இக்கரையில் அடைக்கப்பட்டார்கள். தப்பாமலிருக்க வாவியில் முதலை விட்டாங்க எண்டும் சொல்லுவாங்க. பின்னாளில் வாவிக்கரைப் பண்டகசாலைச் சரக்குகள் கால்வாய் வழியே படகில் துறைமுகம் போயின.

இந்தக் கரையில் வேரூன்றியவர்களில் மலாயர் முக்கியமானவர்கள். ஜாவா முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்த சிப்பாய்கள், நாடுகடத்தப்பட்டோர், கைதிகள் ஆகியோரின் வழிவந்தவர்கள் அவர்கள். வேகந்தைப் பள்ளிவாசலின் காணியை 1786இல் பந்தான் பாலி என்பவர் வாங்கினார். பிரித்தானியரின் ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது, மலாய்ச் சிப்பாய்கள் பலர் பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள். ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பேர்கள் நிலைத்தன.

1869இல் பாபா யூனுஸ் சால்தீன், 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் கொழும்பில் வெளியிட்டார். சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வந்தது 1882இல்தான். அரபுத்தமிழ் படித்த நமக்கு இந்த உறவு எளிதில் விளங்கும். மொழியிலும் அது தெரிகிறது. இலங்கை மலாயில் வினைச்சொல் தமிழைப்போல் வாக்கியக் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. இந்தோனேசியாவில் அப்படியில்லை. தமிழ் பேசுகிறவர்களோடு கலந்து வாழ்ந்ததன் தடயம் இது.

2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதி வைத்திருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஜாவா லேன் குடும்பங்களும் கிளம்ப நேர்ந்தது. வாவிக்கரையில் இப்போது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அடிமைத் தீவு என்ற பேர் வழக்கொழிவது நல்லதுதான். ஆனா, அங்கே வாழ்ந்தவங்கட கணக்கும் அதோட போயிடக்கூடாது. வீடு இடிந்தபின் எஞ்சுவது நிக்காஹ் பதிவேடு, மையவாடிப் பதிவு, பழைய வரிச் சீட்டு, காணி உறுதி ஆகியவைதான். பிள்ளைகள் மாடி வீடுகளுக்குப் பிரிந்து போகுமுன் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் இவற்றைத் திரட்டிப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு 'நீங்க எப்ப வந்தவங்க?' எண்டு யாராவது கேட்டால், காட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும்.