தலைநகரின் கனிமரங்கள்

மரம் நடுதலை அறச்செயலாகக் கருதிய மரபு நம்முடையது. கோயிலுக்கு நந்தவனம், வழிப்போக்கருக்குச் சாலையோர மரம், ஊருக்குப் பொதுவான தோப்பு என்று மரங்கள் நம் ஊர் வாழ்வோடு ஒன்றி நின்றன. பணியின் பொருட்டு வடபுலம் வந்து, அரசினர் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் நமக்கு, அத்தகைய பொதுமரங்கள் இந்நகரில் இருந்தனவா, இருக்கின்றனவா என்று அறியும் விருப்பம் எழுவது இயல்பே. தில்லியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், மன்னர் பலர் இங்குக் கனிச்சோலைகளை அமைத்தனர் என்பதும், அவற்றுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை என்பதும் ஒருங்கே புலனாகும். நிலைக்காமற் போனதன் காரணத்தை ஆராய்வது நமக்கு இன்று பயன் தரும்.

அசோகரின் கல்வெட்டு

பொதுமக்களுக்குக் கனிமரம் நட்ட செய்தியைக் கூறும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தில்லியிலேயே இருக்கிறது. பிரோசு ஷா கோட்லாவின் சிதைந்த கட்டடத்தின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணே அது. அசோகரின் தூண் கல்வெட்டுகளுள் ஏழாவதாக வைத்து எண்ணப்படும் நீண்ட கல்வெட்டு இந்த ஒரு தூணில் மட்டுமே முழுமையாகக் காணப்படுகிறது. அவருடைய ஆட்சியின் 27-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது அது. சாலைகளில் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் நிழல் தருமாறு ஆலமரங்களை நடச்செய்ததையும், மாந்தோப்புகளை அமைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும் மன்னர் அதில் குறிப்பிடுகிறார். இவ்வசதிகள் சிறியவையே, முன்னை மன்னரும் இவற்றைச் செய்ததுண்டு என்று ஒப்புக்கொண்டு, மக்கள் அறவழியில் ஒழுக வேண்டும் என்பதற்காகவே தாம் இவற்றைச் செய்ததாகவும் அவர் தெளிவுபடுத்துகிறார். மரம் நடுதலின் நோக்கம் நிழலோடும் கனியோடும் முடிவதன்று, அது மக்களிடையே நற்பண்பை வளர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழராகிய நமக்கு இதில் ஓர் உறவும் உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர் முதலியோரின் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதென்றும், மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடங்களில் அவை கொண்டுவந்து நடப்பட்டன என்றும் அது கூறுகிறது. அலகாபாத்துத் தூணில் உள்ள மற்றொரு கல்வெட்டு, அவருடைய இரண்டாம் அரசி மாந்தோப்புகளைக் கொடையாக அளித்ததைச் சுட்டுகிறது. ஆகவே தோப்பு அமைத்தல் அந்நாளில் அரண்மனைப் பெண்டிரும் மேற்கொண்ட அறமாக இருந்தது எனலாம்.

பிரோசு ஷாவும் மொகலாயரும்

இத்தூண் முதலில் தில்லியில் இருந்ததன்று. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோசு ஷா துக்ளக், வடக்கே தோப்ரா என்னும் ஊரிலிருந்து இதனைப் பெயர்த்து, யமுனை வழியாகப் படகில் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் எழுதியிருப்பதைப் படிக்க அக்காலத்தில் ஒருவராலும் இயலவில்லை. 1837-இல் ஜேம்சு பிரின்செப் என்பார் பிராமி எழுத்தைப் படித்தறிந்த பின்னரே அதன் பொருள் வெளிப்பட்டது. ஆயினும் அதே மன்னர் தில்லியைச் சுற்றி 1,200 தோட்டங்களை அமைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய அஃபீப் கூறுகிறார். கல்லில் இருந்த செய்தியை அறியாமலே அதனையொத்த செயலில் அவர் ஈடுபட்டார் என்பது வியப்புக்குரியது. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. அசோகரின் தோப்பு வழிப்போக்கர்க்கு உரியது. பிரோசு ஷாவின் தோட்டங்களோ அரசின் கருவூலத்துக்கு வருவாய் தந்தவை.

மொகலாயர் காலத்திலும் தோட்டக்கலை சிறந்தோங்கியது. ஷாஜகானின் மகள் ஜகனாரா, சாந்தினி சௌக்கை ஒட்டிப் பெருந்தோட்டம் ஒன்றை அமைத்தார். யமுனையிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய் நகருக்குள் ஓடித் தோட்டங்களுக்கு நீர் ஊட்டியது. ஆனால் அத்தோட்டம் அரச குடும்பத்தார்க்கு உரியதேயன்றி நகர மக்களுக்கு உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசு தளர்ந்தபோது கால்வாயும் தூர்ந்தது. நீர் நின்றபின் சோலை எவ்வாறு நிற்கும்? ஒருவரின் விருப்பத்தால் எழுந்த தோட்டம் அவருடைய ஆற்றல் குன்றியதும் தானும் குன்றும். அதனைத் தம்முடையதென்று எண்ணி நீர் ஊற்ற அண்டை அயலார்க்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை.

புதுதில்லியின் நாவல் மரங்கள்

1911-ஆம் ஆண்டு திசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. 1931-இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், கட்டடங்களுக்கு லட்டியன்சு முதலானோர் பொறுப்பேற்றதுபோல, மரங்களுக்கு மசுட்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநர் பொறுப்பேற்றார். சாலைகளுக்கு நாவல், வேம்பு, மருது, புளி ஆகியவை பெருமளவில் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவையனைத்தும் நம் ஊர்ச் சாலைகளிலும் குளக்கரைகளிலும் நாம் கண்ட மரங்களே. 2022-இல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் மாற்றம் பெற்ற இராசபாதையின் புல்வெளிகளிலும், அசோகா சாலையிலும் நிற்கும் நாவல் மரங்கள் அந்நாளைய நடவின் எச்சங்கள்.

நாவலுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பெரிது. நம் நாட்டுக்கு நாவலந்தீவு என்பது பழம்பெயர். திருவானைக்காவில் வெண்ணாவலே தலமரம். ஔவையாரையும் நாவற்பழத்தையும் இணைக்கும் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இராது. அம்மரம் தலைநகரின் நடுவே வரிசையாக நிற்பதைக் கண்டு மகிழாத தமிழர் எவர்?

பருவமழை தொடங்கும் ஆனி, ஆடித் திங்களில் இம்மரங்கள் பழுக்கின்றன. பழம் பறிக்கும் உரிமையை நகராட்சி மன்றம் ஏலத்தில் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்க, கீழே நால்வர் துணி விரித்துப் பிடிப்பர். அவ்வுழைப்பாளரின் பிழைப்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பொதுச் சாலையில் பொதுப்பணத்தில் வளர்ந்த மரத்தின் கனி, அவ்வழி நடப்போர்க்கு விலைப்பொருளாகவே வந்து சேர்கிறது என்பதையும் கருத வேண்டும். நிழல் பொதுவாயிற்று, கனி பொதுவாகவில்லை.

பூவும் வண்டும்

கனிமரம் நட்டால் மட்டும் கனி கிடைத்துவிடாது. மாவுக்கு ஈயும் தேனீயும், முருங்கைக்கு மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் மகரந்தம் கொண்டு சேர்க்கின்றன. கொய்யா, எலுமிச்சை, நாவல் ஆகியவற்றின் பூக்களைத் தேனீக்கள் நாடி வருகின்றன. இவை வாழவும் நகரில் இடம் வேண்டும். தேனீ இனங்களுள் கூட்டமாய் வாழாது, வெறும் மண்ணில் தனித்தனியே வளை தோண்டி முட்டையிடுவனவும் பல உள. பூங்கா முழுவதையும் சிமிட்டியால் மூடினால் அவற்றுக்கு இடமில்லை. பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளித்தால் பூவை நாடிவரும் தேனீயும் மடியும்.

நம் இல்லத்தரசியர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்னும். அதனை நசுக்கி எறிவது நம் வழக்கம். அப்புழுவே சின்னாட்களில் பெரிய வண்ணத்துப்பூச்சியாகிப் பூவுக்குப் பூ பறப்பது. சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுத்தலும் தோட்டம் வளர்த்தலின் ஒரு பகுதியாம்.

குடியிருப்பும் மரமும்

அரசினர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு கிடைத்தவர் முதலில் நடுவது கறிவேப்பிலை, அடுத்து முருங்கை, பின்னர் வாழை. மாற்றல் ஆணையோ ஓய்வோ வந்ததும் மரத்தை விட்டுச் செல்கிறோம். நட்டவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர். நாம் வந்த வீட்டிலும் முன்னவர் நட்ட கொய்யாவோ எலுமிச்சையோ நமக்காகக் காத்திருந்தது. திட்டமிடாமலே இக்குடியிருப்புகள் ஒருவகைப் பொதுச்சோலையாக விளங்கி வந்தன.

2018-இல் சரோசினி நகர், நேதாசி நகர், நௌரோசி நகர் முதலிய பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டத்துக்காக 10,000-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட இருந்தன. அங்கு வாழ்ந்தோரும் நகர மக்களும் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் திங்களில் இடைக்காலத் தடை விதித்தது. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு பெறாது மரத்தை வெட்டலாகாது. வெட்டினால் ஈடாகக் கன்றுகள் நட வேண்டும். ஆனால் எங்கோ நடப்படும் கன்று, இத்தெருவில் வெட்டுண்ட மரத்துக்கு ஈடாகுமா? ஈண்டுள்ள குழந்தைக்கும் குயிலுக்கும் அதனால் யாது பயன்? மன்னரின் ஆணை செய்ய முடியாததை இங்கு மக்களின் பற்று ஓரளவு செய்தது என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

பொதுத் தோட்டத்துக்கு வேண்டுவது நடுபவரைக் காட்டிலும் பேணுபவரே என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. நாம் வாழும் குடியிருப்புகளில் பூங்காவும் உண்டு, குடியிருப்போர் சங்கமும் உண்டு. தக்கார் இசைவு பெற்று, ஒரு மூலையில் நாவல், நெல்லி, கொய்யா, எலுமிச்சை, இலந்தை ஆகியவற்றை நடலாம். இடையிடையே துளசியும் செம்பருத்தியும் வைத்தால் ஆண்டு முழுவதும் பூ இருக்கும். கோடையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றும் முறையை வீடுதோறும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பழத்தை எவரும் பறிக்கலாம், ஒருவரே பறித்துச் செல்லலாகாது என்பது விதியாக இருக்கட்டும். பஞ்சாபியும் வங்காளியும் மலையாளியும் நாமும் ஒரே மரத்தடியில் நிற்கும்போது அயலார் என்ற எண்ணம் அகலும். அசோகர் மரத்தின் வழியாக வளர்க்க விரும்பிய அறமும் இதுவே.

விதையிலிருந்து முளைத்த நாவல் காய்க்க எட்டுப் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் நம்மில் பலர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ சென்றிருப்போம். அதனால் தயங்க வேண்டுவதில்லை. நமக்கு முன் இருந்தவர் தயங்கியிருந்தால் இன்று நம் வீட்டு வாயிலில் முருங்கையும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. இம்மழைக்காலத்திலேயே தெருவுக்கு ஒரு கனிமரமேனும் நட முன்வருவோமாக!