இணையவழி வகைப்புனைவு விழா

இணையவழி வகைப்புனைவு விழா என்பது அறிபுனை, மிகுபுனைவு, திகில், துப்பறியும் கதை, காதல் கதை ஆகியவற்றை எழுதுபவர்களும் விரும்பிப் படிப்பவர்களும் அரங்கில் கூடாமல் திரைவழியே சில நாட்கள் சந்திக்கும் இலக்கிய நிகழ்வு. 2020 மார்ச்சில் பிரிட்டன் ஊரடங்குக்குள் போனபோது, வேறு வழியில்லாமல் வளர்ந்த வடிவம் இது. ஊரடங்கு முடிந்த பிறகும் அது முழுதாக மறையவில்லை. வகைப்புனைவு வாசகர்கள் இதற்கு மற்றவர்களைவிட விரைவாகப் பழகிக்கொண்டார்கள். நேரில் பார்க்காத ஒருவரோடு புத்தகம் பற்றிச் சண்டை போடுவது அவர்களுக்கு 1930-களிலிருந்தே பழக்கம்.

பிளேஸ்டோவும் நியூஹாமும்

நேர்முக மாநாட்டையும் ஊரடங்கையும் ஒருங்கே கண்ட ஒரு பகுதியிலிருந்து தொடங்கலாம். கிழக்கு லண்டனின் பிளேஸ்டோ, நியூஹாம் நகராட்சிக்குள் வருகிறது. ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் 1965-இல் இணைந்து உருவான நகராட்சி அது. பிளேஸ்டோவின் பார்க்கிங் சாலையில் 1978 முதல் நியூஹாம் புக்‌ஷாப் என்ற சுதந்திரப் புத்தகக் கடை இயங்குகிறது. பெரிய சங்கிலிக் கடைகள் எட்டிப்பார்க்காத உழைப்பாளர் பகுதியில் ஒரு புத்தகக் கடை இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதே தனிச் செய்திதான்.

பிளேஸ்டோ ரயில் நிலையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில், ராயல் டாக்ஸ் துறைமுகக் கரையில் எக்ஸெல் கண்காட்சி மண்டபம் இருக்கிறது. உலக அறிபுனை மாநாடான வேர்ல்ட்கான் 2014 ஆகஸ்ட் 14 முதல் 18 வரை லோன்கான் 3 என்ற பெயரில் இங்கே நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினர்களாயினர். அந்த மாநாட்டு வரலாற்றிலேயே பெரிய கூட்டங்களுள் ஒன்று. ராபின் ஹாப், ஜான் க்ளூட், பிரையன் டால்பட் முதலியோர் சிறப்பு விருந்தினர்கள். அழைக்கப்பட்டிருந்த இயன் பேங்க்ஸ் 2013-இலேயே காலமாகியிருந்தார். மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருதுகளில் நாவலுக்கானது ஆன் லெக்கிக்குக் கிடைத்தது.

ஆறாண்டு கழித்து அதே எக்ஸெல் மண்டபம் நைட்டிங்கேல் என்ற அவசர மருத்துவமனையாக மாறி, 2020 ஏப்ரல் 3 அன்று திறக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனா இறப்பு விகிதம் எங்கே எவ்வளவு என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் மே மாதத் தொடக்கத்தில் வெளியிட்டபோது, நியூஹாம் முதலிடத்தில் இருந்தது. வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு 144.3 இறப்புகள். பேருந்து ஓட்டுநர்கள், கடைப் பணியாளர்கள், மருத்துவமனை ஊழியர்கள் என வீட்டிலிருந்தபடி வேலை செய்ய முடியாதவர்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. ‘வீட்டிலிருந்தே விழா’ என்ற வாசகம் இங்கே எல்லோருக்கும் பொருந்தியிருக்காது.

தபாலில் வளர்ந்த வாசகர் கூட்டம்

அறிபுனை ரசிகர்களின் மாநாடு என்று திட்டமிட்டுக் கூட்டப்பட்ட முதல் நிகழ்வாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1937 ஜனவரி 3 அன்று லீட்ஸ் நகரின் பிரம்மஞான சபை மண்டபத்தில் நடந்த கூட்டம். வந்தவர்கள் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். கூட்டம் சிறிது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த தபால் போக்குவரத்து பெரிது. மாரிஸ் ஹேன்சன் நடத்திய நோவே டெர்ரே போன்ற கையச்சு இதழ்கள் வாசகரிடமிருந்து வாசகருக்குப் போய், கடிதங்களாகத் திரும்பி வந்தன. அந்த இதழ்தான் பிறகு ஜான் கார்னெல் கையில் நியூ வேர்ல்ட்ஸ் ஆயிற்று. கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 90-ஆம் பிறந்தநாளையொட்டி 2007 டிசம்பரில் கொழும்பிலிருந்து அவர் உலக வாசகர்களுக்கு விட்ட செய்தி வீடியோவாகத்தான் வந்தது.

லண்டனில் ஃபெட்டர் லேனில் ஒயிட் ஹார்ஸ் மதுக்கடையின் வியாழக்கிழமைச் சந்திப்புகள், 1953-க்குப் பிறகு குளோப் மதுக்கடைச் சந்திப்புகள் என்று நேர்முக மரபும் வளர்ந்தது. ஆனாலும் வேர்ல்ட்கானில் ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்தது. பயணம் செய்ய முடியாதவர்கள் குறைந்த கட்டணத்தில் ‘ஆதரவு உறுப்பினர்’ ஆக முடிந்தது. மாநாட்டுப் பிரசுரங்கள் வீட்டுக்கு வந்தன. ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கவும் முடிந்தது. வராதவரையும் வந்தவராக எண்ணும் இந்த ஏற்பாடு இருந்ததால், 2020-இல் ‘யாருமே வர முடியாது’ என்ற நிலை வந்தபோது, கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

2020: அவசரத்தில் பிறந்த விழாக்கள்

கிளாஸ்கோவில் வாழும் எழுத்தாளர் கேரலின் ஜெஸ்-குக் தொடங்கிய ‘ஸ்டே அட் ஹோம்’ இலக்கிய விழா 2020 மார்ச் 27-இலேயே ஆரம்பமாகி ஏப்ரல் 11 வரை நடந்தது. பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. வகை எல்லை பாராத விழா அது. ஆனால் அவரே சி. ஜே. குக் என்ற பெயரில் கோதிக் திகில் நாவல்கள் எழுதுபவர்.

எடின்பரோவின் சைமெரா, அறிபுனை, மிகுபுனைவு, திகில் மூன்றுக்கும் உரிய ஸ்காட்லாந்து விழா. 2019 ஜூனில் முதல்முறை நடந்த இந்த விழா அடுத்த ஆண்டே இணையத்துக்கு மாறியது. இரண்டாம் வயதிலேயே வீடு மாறிய அந்த விழா, பிறகும் இணையவழிப் பார்வையாளரைக் கைவிடவில்லை. குற்றப்புனைவுப் பக்கம் ஸ்டெர்லிங்கின் பிளடி ஸ்காட்லாந்து செப்டம்பரில் திரைக்கு வந்தது. எழுத்தாளர்கள் மதுக்கடையில் நின்று தங்கள் கதைகளை வாசிக்கும் ‘நுவார் அட் த பார்’ 2008-இல் பிலடெல்பியாவில் பிறந்த வழக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில் விக் வாட்சனும் சைமன் பிவிக்கும் அதை மெய்நிகர் வடிவத்தில் நடத்தினார்கள். புதிதாக நாவல் வெளியிட்டவர்களுக்கு அது உயிர்க்காற்று. புத்தகக் கடைகள் மூடியிருந்த வாரங்களில் வெளியான ஒரு முதல் நாவலைப் பற்றி வேறு எங்கே நாலு பேர் பேசுவார்கள்? பிரிட்டனின் ஆண்டு அறிபுனை மாநாடான ஈஸ்டர்கான் 2020-இல் ரத்தாகி, 2021-இல் முழுவதும் இணையத்தில் நடந்தது.

வெலிங்டனில் விழா, லண்டனில் நள்ளிரவு

இந்த வடிவத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டியது 2020 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 2 வரை நடந்த கான்சீலாந்து. வெலிங்டனில் கூடவேண்டிய 78-ஆவது வேர்ல்ட்கான் முதன்முறையாக முழுக்க இணையத்துக்குப் போனது. உரையாடல்கள் ஜூமில் நடந்தன. நடைபாதைப் பேச்சுகளுக்கு டிஸ்கார்ட் அறைகள். நேரம் மட்டும் நியூசிலாந்து நேரம். ஜூலை மாதத்தில் வெலிங்டன் லண்டனைவிட 11 மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே காலை 10 மணி அமர்வு என்றால் லண்டனில் முந்தைய இரவு 11. சென்னையில் விடியற்காலை 3.30. மண்டபத்துக்கு வாடகை இல்லை, விசா இல்லை, விமானச் செலவு இல்லை. தூக்கம்தான் நுழைவுக் கட்டணம்.

அந்த நேர இடைவெளியில் முளைத்தது கான்சீலாந்து ஃப்ரிஞ்ச். கிளேர் ரூசோ, ஆட்ரி ஜாய், ஷெரில் மார்கன், அலஸ்டர் ஸ்டூவர்ட், மார்கரீட் கென்னர் உள்ளிட்டோர் சேர்ந்து, ஐரோப்பியப் பகல் நேரத்துக்கு ஏற்ற அமர்வுகளை யூடியூபில் இலவசமாக நடத்தினார்கள். அதிகாரபூர்வ மாநாட்டின் பகுதியல்ல என்பதைச் சொல்லிக்கொண்டே நடத்தினார்கள். பெரிய விழாவின் வாசலில் யாரிடமும் அனுமதி கேட்காமல் கடை விரிக்கும் எடின்பரோ ஃப்ரிஞ்ச் வழக்கம் இணையத்துக்கும் வந்தது என்று சொல்லலாம். அரங்க விழாவில் இப்படி ஒரு போட்டி அரங்கு அமைக்க வாடகை தேடியே ஓய்ந்திருப்பார்கள்.

ஹியூகோ விழா வேறு வகையில் நினைவில் தங்கியது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சி மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. பழைய அறிபுனைப் பத்திரிகாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பலைப் பற்றிய கதைகள் அதில் தாராளம்; இளம் எழுத்தாளர்கள் பலருடைய பெயர்களின் உச்சரிப்போ பிழை. இதே கேம்பல் 1957-இல் லண்டனில் நடந்த முதல் வேர்ல்ட்கானின் சிறப்பு விருந்தினர். அவர் பெயரிலான புதுமுக விருதை 2019-இல் டப்ளினில் பெற்ற ஜெனட் இங், மேடையிலேயே அவரைப் பாசிசவாதி என்று கண்டித்தார். விருதின் பெயர் மாற்றப்பட்டது. அந்த உரைக்கே 2020-இல் ஹியூகோ கிடைத்தது. அதாவது கேம்பலை விமர்சித்த பேச்சுக்குப் பரிசும் கேம்பலுக்குப் புகழ்மாலையும் ஒரே விழாவில். அரங்கில் என்றால் பார்வையாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு நிமிடமும் டிஸ்கார்டிலும் ட்விட்டரிலும் எதிர்வினை பாய்ந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 17, 18 தேதிகளில் ஃபையா இதழ் நடத்திய ஃபையாகான், கறுப்பின, பழங்குடி, பிற நிறத்தவர் எழுத்தை மையத்தில் வைத்தது. எல். டி. லூயிஸ் இயக்குநர். அமெரிக்க நேரத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கென்று வீடா குரூஸும் இயோரி குசானோவும் பொறுப்பேற்ற தனி ஃப்ரிஞ்ச் பிரிவு இதில் முதலிலிருந்தே சேர்க்கப்பட்டிருந்தது. கான்சீலாந்தில் வெளியாட்கள் நிரப்பிய பள்ளத்தை இவர்கள் திட்டத்திலேயே மூடிவிட்டார்கள். 2021-இல் அறிபுனை தொடர்பான படைப்புக்கான ஹியூகோ இறுதிப் பட்டியலின் ஆறு இடங்களில் கான்சீலாந்து ஃப்ரிஞ்ச் ஒன்று, ஃபையாகான் ஒன்று, மார்ட்டினைக் காய்ச்சி எடுத்த கட்டுரை ஒன்று. விருது மட்டும் மரியா தாவனா ஹெட்லியின் பேவுல்ஃப் மொழிபெயர்ப்புக்குப் போனது.

நடத்தும் முறை

ஓர் அமர்வுக்கு நெறியாளர் ஒருவர், பேச்சாளர்கள் மூன்று நான்கு பேர், கண்ணில் படாத தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர். கேள்விகள் எழுத்தில் வரும். இதனால் மைக்கைப் பிடித்து ‘கேள்வி அல்ல, ஒரு கருத்து’ என்று பத்து நிமிடம் பேசுபவர் தானாகவே ஒழிந்தார். இந்த வடிவத்தின் மறுக்க முடியாத நன்மை இது. காது கேளாதோருக்கு வசனவரிகள் உண்டு. ஆனால் இயந்திரம் தயாரிக்கும் வரிகள் கற்பனைக் கிரகங்களின் பெயரிலும் டிராகன்களின் பெயரிலும் தடுமாறும். சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையுள்ள தாய், விசா கிடைக்காத நைஜீரிய எழுத்தாளர் ஆகியோருக்கு இது சலுகை அல்ல, விழாவுக்குள் வர இருக்கும் ஒரே கதவு.

விற்பனைதான் நோஞ்சான். அரங்க விழாவில் உரை முடிந்ததும் வாசகர் புத்தக மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். திரையில் ஒரு சொடுக்கில் போய்விடுகிறார். எழுத்தாளர் கையொப்பமிட்ட சிறு ஒட்டுச்சீட்டுகளைக் கடைக்காரர் புத்தகத்தோடு அஞ்சலில் அனுப்புவது ஓரளவு ஈடு செய்தது. மதுக்கடை மூலையில் தற்செயலாகப் பதிப்பாசிரியரைச் சந்தித்து ஒப்பந்தம் பெறும் அதிர்ஷ்டத்துக்கு மாற்று ஏதும் கிடைக்கவில்லை.

பணம் கட்டி இணையத்திலேயே உறுப்பினர் ஆகலாம் என்பதற்கு வேறொரு முகமும் உண்டு. நேரிலும் இணையத்திலும் சேர்த்து நடந்த கிளாஸ்கோ 2024 வேர்ல்ட்கானில், ஒரே போட்டியாளருக்காக மொத்தமாக வாங்கிய உறுப்பினர் கணக்குகளிலிருந்து வந்தவை எனக் கண்டு 377 ஹியூகோ வாக்குகளை அமைப்பாளர்கள் செல்லாதவையாக்கினர். முடிவை அறிவிப்பதற்கு முன்பே அதை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது.

தமிழ்ச் சூழல்

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா வரை தமிழில் வகைப்புனைவுக்குப் பஞ்சமில்லை. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்களுக்கு வாசகர் இருந்தார்கள். அந்த வாசகர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் மேடை மட்டும் அமையவில்லை. ‘வணிக எழுத்து’ என்ற முத்திரை விழா மேடைகளின் கதவை அடைத்தது என்பதே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. அறிபுனைக்கு அண்மையில் இடம் கொடுத்தது இணையம்தான். அரூ இதழ் 2019-இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது.

தூரத்தில் இருப்பவர்களை ஒன்றுகூட்டும் முயற்சிக்குப் பிளேஸ்டோவுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் வெளியீடாக, இ. பத்மநாப ஐயர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ‘யுகம் மாறும்’, ‘கண்ணில் தெரியுது வானம்’ உள்ளிட்ட தொகுப்புகளைக் கொண்டுவந்தார். பல நாடுகளில் சிதறிய எழுத்தாளர்களை ஒரே அட்டைக்குள் கூட்டிய வேலை அது. தொகுப்புகள் வகைப்புனைவுக்கானவை அல்ல. ஆனால் லீட்ஸ் கூட்டத்துக்குப் பின்னாலிருந்த அதே தபால் உழைப்புதான்.

இணையத்தில் கூடினால் தமிழ் வாசகருக்கு நேர வித்தியாசமும் ஆங்கில உலகத்தைப்போல அத்தனை கொடுமையில்லை. கோடைக்காலச் சனிக்கிழமை சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 7 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 2.30, டொரன்டோவில் காலை 9.30, சிங்கப்பூரில் இரவு 9.30. சிட்னிக்காரர் மட்டும் 11.30 வரை விழித்திருக்க வேண்டும்.