இழப்பை எங்கே வைப்பது? உயர்திறன் கலப்பு மாற்றிகளில் வடிவமைப்பும் கட்டுப்பாடும்

சீனாவின் யுன்னான் நீர்மின்சாரத்தைக் குவாங்சிக்கும் குவாங்தோங்குக்கும் கொண்டுசெல்லும் ±800 கிலோவோல்ட் நேர்மின் தடம் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அனுப்பும் முனையில் 8,000 மெகாவாட் தைரிஸ்டர் மாற்றி; பெறும் முனைகளில் 3,000, 5,000 மெகாவாட் அளவில் ஐஜிபிடி கொண்ட பல்கூற்று மாற்றிகள். நம் புகளூரிலும் ராய்கரிலிருந்து வரும் தைரிஸ்டர் தடம் முடிய, திருச்சூருக்கான ஐஜிபிடி தடம் தொடங்குகிறது. ஆனால் அவ்விரண்டையும் இணைப்பது மாறுமின் வலையமைப்பு. யுன்னான் தடத்திலோ இருவகை மாற்றிகளும் ஒரே நேர்மின் கம்பியைப் பகிர்கின்றன.

இருவகையின் நற்குணங்களையும் சேர்ப்பதே கலப்பு என்பர். இவ்விளக்கம் போதாது. ஆண்டெல்லாம் தர வேண்டிய இழப்பைப் பழுது நேரும் சில நொடிகளுக்கு நகர்த்தி வைப்பதே கலப்பின் சாரம். அந்த நகர்வைச் சாத்தியமாக்குவது கட்டுப்பாடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தைரிஸ்டரைக் கட்டளையிட்டு அணைக்க முடியாது. மின்னோட்டத்தைக் கைமாற்ற வலையமைப்பின் மின்னழுத்தத்தை நம்பியிருக்கிறது. பெறும் முனையில் அவ்வழுத்தம் சரிந்தால் கைமாற்றம் தவறும். இத்தகைய தடங்கள் பல வந்து முடியும் குவாங்தோங்கில் ஒரே சரிவு பலவற்றை ஒருசேரத் தடுமாறச் செய்யும். அங்கே கட்டளைப்படி அணையும் ஐஜிபிடி தேவை. அனுப்பும் முனையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மின்சாரமும் ஒரே திசையில்தான் செல்கிறது. எனவே அங்கே தைரிஸ்டரே போதும், இழப்பும் குறையும். தைரிஸ்டர் நிலையத்தின் இழப்பு பொதுவாக 0.7 விழுக்காட்டையும், பல்கூற்று நிலையத்தின் இழப்பு 1 விழுக்காட்டையும் ஒட்டியது. 8,000 மெகாவாட்டில் இவ்வேறுபாடு 24 மெகாவாட்.

அடுத்த கலப்பு பல்கூற்று மாற்றிக்குள்ளேயே, அரைப்பாலம், முழுப்பாலம் என்ற இருவகைக் கூறுகளிடையே நிகழ்கிறது. வான்வழிக் கம்பியில் இடி விழுந்து பழுதானால், அரைப்பாலக் கூறுகளின் டையோடுகள் வழியே மாறுமின் பக்கம் பழுதுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். முழுப்பாலக் கூறு எதிர் மின்னழுத்தம் தந்து அதைத் தடுக்கும். ஆனால் அதில் மின்னோட்டம் ஒன்றுக்குப் பதில் இரண்டு குறைகடத்திச் சாவிகளைக் கடக்கிறது. எத்தனை முழுப்பாலங்கள் வேண்டும்? ஒரு கட்டத்தின் உச்ச மின்னழுத்தம் நேர்மின்னழுத்தத்தில் பாதி என்று கொண்டால், பழுதைத் தடுக்கச் சுமார் 43 விழுக்காடு போதும். நேர்மின்னழுத்தம் சுழியமாகும்போதும் வலையமைப்புடன் இணைந்தே இருக்க 50 விழுக்காடு வேண்டும். பாதிக்குப் பாதி கலந்தால் மின்னோட்டம் கடக்கும் சாவிகள் அரைப்பால மாற்றியைப் போல 1.5 மடங்கு, முழுவதும் முழுப்பாலமானால் 2 மடங்கு.

இந்தச் சேமிப்புக்கு விலை உண்டு. அனுப்பும் முனையில் மின்னழுத்தம் சரிந்தால், பெறும் மாற்றியும் தன் நேர்மின்னழுத்தத்தைத் தாழ்த்தினால்தான் மின்னோட்டம் அறாது. அது இயல்பளவில் பாதிக்கு இறங்கியதும் மாற்றியில் கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்ட கிளைகளின் மின்னோட்டம் ஒரே திசையதாகிவிடும். முழுப்பாலம் எதிர்த்திசையில் இணைந்து தன் மின்தேக்கியைச் சமன்செய்துகொள்ளும். அரைப்பாலத்தால் அது முடியாது, அதன் மின்தேக்கி ஒருபக்கமாகவே நகரும். அப்போது எதிர்வினை மின்னோட்டத்தையோ சுற்றோட்டத்தையோ வேண்டுமென்றே செலுத்திக் கிளை மின்னோட்டத்தை இருதிசைப்படுத்த வேண்டும். அந்தக் கூடுதல் இழப்பு சரிவு நீடிக்கும் வரைதான்.

எல்லாம் முழுப்பாலமானால் இச்சிக்கலான கட்டுப்பாடே வேண்டாமே என்பது நியாயமான மறுப்பு. கட்டுப்பாட்டு மென்பொருள் பிழைத்தால் தடமே நிற்கும் என்பதும் மெய். ஆயினும் மென்பொருளைத் திருத்தலாம், சோதனைக்கூடத்தில் ஆயிரம் பழுதுகளைப் போலச்செய்து பார்க்கலாம். சாவியில் வெப்பமாகும் மின்சாரத்தை மீட்க வழியில்லை. எனவே முழுப்பால விகிதத்தை முதலில் நிறுவிவிட்டுக் கட்டுப்பாட்டைப் பிறகு எழுதும் வழக்கம் தலைகீழானது. எந்தச் சரிவு வரை மின்னோட்டம் அறாதிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டு இலக்கிலிருந்தே அவ்விகிதம் பிறக்க வேண்டும்.