ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்தும் அழைப்பு வராத அணி

ஃபுட்பால் என்றால் நமக்குக் காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறொரு ஆட்டத்துக்கு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். சடுகுடு ஆடிய நம்ம ஆட்களுக்குப் பாதி ஆட்டம் உடனே புரிந்துவிடும். அந்த ஆட்டத்தில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழக அணி 1951-ஆம் ஆண்டு ஆடிய சீசனைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

சேசு சபைப் பாதிரிமார்கள் நடத்தும் கல்வி நிலையம் அது. அன்று பெரிய வசதிகள் ஏதும் கிடையாது. கோச் ஜோ குஹாரிச் பையன்களைக் கார்னிங் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்துகிற வெயிலில் வதைத்தெடுத்தார். அவர்களில் ஜினோ மார்ச்செட்டி இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்து படித்தவர். பாப் செயின்ட் கிளேர் 6 அடி 9 அங்குல உயரம். நட்சத்திரம் என்றால் ஆலி மாட்சன்தான். அந்த ஒரு சீசனில் 1,566 கெஜம் ஓடி, 21 டச்டவுன் போட்டு, நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். தடுப்பாட்டத்தில் பர்ல் டோலர் தூண். மாட்சனும் டோலரும் கறுப்பர்கள்; அணியில் அந்த இருவர் மட்டுமே.

நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியோடு நடந்த ஆட்டம்தான் கஷ்டமானது. எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து, மாட்சன் கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் போட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! 32–26 என்று தப்பித்தார்கள். கடைசி ஆட்டம் பாஸடீனாவில், லயோலாவுடன். (நம்ம நுங்கம்பாக்கம் லயோலா இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் லயோலா. நடத்துவது என்னவோ அதே சபைதான்.) அதில் 20–2. மொத்தம் ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி.

அங்கே சீசன் முடிந்ததும், புத்தாண்டை ஒட்டி 'பௌல்' என்ற பெரிய ஆட்டங்கள் நடக்கும். நல்ல அணிகளை அழைப்பார்கள். அழைக்கப்பட்ட கல்லூரிக்குக் கணிசமான பணம் வரும். ஃபுட்பாலால் நஷ்டத்தில் இருந்த இந்தக் கல்லூரிக்கு அந்தப் பணம் உயிர்த்தண்ணீர். ஆனால் ஆரஞ்சு, ஷுகர், கேட்டர் என்ற முக்கியமான பௌல்கள் நடந்த மயாமி, நியூ ஆர்லியன்ஸ், ஜாக்ஸன்வில் மூன்றுமே தெற்கத்தி ஊர்கள். நிறவெறி சட்டமாகவே இருந்த பிரதேசம். மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று தகவல் வந்ததாக ஆட்டக்காரர்களே பிற்காலத்தில் சொன்னார்கள். பையன்கள் யோசிக்கவே இல்லை. அவங்க இல்லாமல் நாங்க வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அவர்கள் எளிதான அணிகளோடு ஆடி ஜெயித்தவர்கள் என்று வெளியே ஒரு சாக்கும் சொல்லப்பட்டது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தச் சாக்கு நிற்காது.

அழைப்பும் வரவில்லை, பணமும் வரவில்லை. அந்தச் சீசனோடு கல்லூரி பெரிய மட்டத்து ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது. தோற்காத அணிக்கு அடுத்த வருஷம் இல்லை! இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனசு கனக்கும். வேண்டாம் என்று சொன்னவர்கள் இழந்தது ஒரு ஆட்டத்தை மட்டுமல்ல.

மாட்சன் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். 1959-ல் ஒரே ஆளான அவரைப் பெற லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி ஒன்பது பேரைக் கொடுத்தது. அவர், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூவருமே தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அன்று அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பீட் ரோஸெல் என்ற இளைஞர், 1960 முதல் 1989 வரை அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் கமிஷனராக இருந்தார்.

டோலருக்கு மட்டும் கொடுத்து வைக்கவில்லை. 1952-ல் ஒரு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. தொழில்முறை ஆட்டமே ஆட முடியவில்லை. ஆனால் ஆசிரியரானார். 1965-ல் அந்த லீக்கின் முதல் கறுப்பின நடுவரும் ஆனார். 1980-ல் சூப்பர் பௌல் இறுதியாட்டத்திலும் விசில் ஊதினார். ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் அவர் தலைமையாசிரியராக இருந்த பள்ளி வளாகத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள்.