பழைய வீடு வாங்குதலில் கட்டடக் கலைஞர்

புதுப்பித்துக் குடியேறும் எண்ணத்துடன் பழைய வீடு வாங்குவோருக்கு, ஆர்க்கிடெக்ட் என்று பேச்சில் வழங்கும் கட்டடக் கலைஞரின் உதவி மூன்று கட்டங்களில் கிடைக்கக்கூடும்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையில், கிரயம் முடிந்த பின். பெரும்பாலோர் மூன்றாவது கட்டத்தில்தான் அழைக்கின்றனர். ஆனால், அவர் சொல்வதைக் கேட்டு வாங்காமல் விடுவதோ விலையைக் குறைத்துக் கேட்பதோ முதல் இரண்டு கட்டங்களில் மட்டுமே முடியும்.

பாரிவாக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

பாரிவாக்கம், பூந்தமல்லி–ஆவடி சாலையில், திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி வட்டத்தில் உள்ளது. ஏரியைச் சார்ந்து வளர்ந்த சென்னைப் புறநகர் ஊர். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை இதற்கு மேற்கே செல்கிறது. இத்தகைய புறநகர்களில் பழைய வீடு வாங்குவோர் சுவரையும் கூரையையும் பார்த்தால் போதாது. மண், மட்டம், மனை அங்கீகாரம் ஆகிய மூன்றும் வீட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

ஏரியை ஒட்டிய களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அதனால் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அதன் மட்டம் உயர, பழைய வீட்டின் தரை தாழ்ந்து போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீடு பார்ப்போர் முதலில் கேட்பது, "தண்ணி நிக்குமா?" என்பதே. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை இன்று நகரில் தனித் தொழிலாகிவிட்டது. அதற்கான செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

யார் கட்டடக் கலைஞர்?

1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே இப்பெயரைப் பயன்படுத்தலாம். பதிவெண் 'சிஏ' என்று தொடங்கும். இச்சட்டம் பெயரைத்தான் காக்கிறது, தொழிலைச் செய்வதற்கே தடை விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதனால் பதிவெண்ணைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. தூண், பீம், அடித்தளம் ஆகியவற்றின் வலிமையைக் கணிப்பது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. வீட்டுக்கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் பணத்துக்கு ஈடு உண்டா என்று பார்ப்பவர். வாங்குபவர் நினைத்திருக்கும் மாற்றங்கள் அந்த வீட்டில் முடியுமா என்பது அவர் அறிக்கையில் இருக்காது.

பிரிட்டனில் வீடு வாங்கும் முன் சர்வேயரை அமர்த்திக் கட்டடத்தைச் சோதிப்பது பரவலான வழக்கம். தமிழ்நாட்டில் அத்தகைய தொழில் இன்னும் வேரூன்றவில்லை. தனிநபர் மறுவிற்பனையை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் தொடுவதில்லை.

எப்போது அழைப்பது?

அட்வான்ஸுக்கு முன்: அரை நாள் நேரில் பார்வையிட்டாலே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மேலே தளம் எழுப்ப முடியுமா, எந்தச் சுவரை இடிக்கலாம், படிக்கட்டுக்கு இடம் உண்டா, பேஸ்மென்ட் சாலை மட்டத்துக்கு மேல் இருக்கிறதா என்பவை அவற்றுள் முக்கியமானவை. வரைபடம் இக்கட்டத்தில் தேவையில்லை. பார்வையிடும் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும்.

ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையில்: அளவெடுப்பு, கட்டமைப்புச் சோதனை, உத்தேசச் செலவுக் கணக்கு ஆகியவற்றுக்கு உரிய காலம் இது. ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையை வழக்கறிஞர் மூலம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கிரயத்துக்குப் பின்: வடிவமைப்பு, அனுமதி, ஒப்பந்ததாரர் தேர்வு, மேற்பார்வை.

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன. 60 லட்சம் ரூபாய்க்குப் பதிவாகும் வீட்டுக்கு இது 5.40 லட்சம். வாங்கியது தவறு என்று பின்னால் தெரிந்தாலும் இத்தொகை திரும்பாது. முன்கூட்டிய ஆய்வை இதனோடு ஒப்பிட்டால் அதன் செலவு சிறியது.

கட்டடத்தில் பார்ப்பவை

பழைய ஒரு தள வீடுகள் பல, தூண் இல்லாமல் 9 அங்குலச் செங்கல் சுவரே பாரம் தாங்குபவை. அவற்றில் கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்தால் மேல்தளத்துக்கு ஆதாரம் போய்விடும். கான்கிரீட் தளத்தில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால், துரு உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. விற்பனைக்கு முன் புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் ஆய்வு இன்னும் அவசியம்.

கட்டிய ஆண்டும் முக்கியம். வலுவூட்டிய கான்கிரீட்டின் குறைந்தபட்சத் தரத்தை இந்தியத் தர விதி 2000இல்தான் எம்15இலிருந்து எம்20க்கு உயர்த்தியது. 2002இல் திருத்திய நிலநடுக்க விதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதற்கு முன் கட்டிய வீட்டின்மேல் தளம் ஏற்ற, பொறியாளரின் கணக்கு வேண்டும்.

ஓதம், கரையான், செப்டிக் டேங்குக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உள்ள தூரம், 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு ஆகியவையும் பட்டியலில் சேரும்.

அனுமதி

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞர் பார்ப்பார். அங்கீகரித்த பிளானும் நிற்கும் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கட்டடக் கலைஞர் பார்ப்பார். மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாததாக இருந்தால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை ஆகியுள்ளதா என்று அறிய வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம்) 2. ஆனால் பக்க இடைவெளி போதாத பழைய வீட்டில் அந்த அளவு முழுவதையும் பயன்படுத்த முடியாமல் போகலாம். பூச்சு, தரை போன்ற பழுதுபார்ப்புக்கு அனுமதி வேண்டியதில்லை. பரப்பைக் கூட்டவும் தளம் ஏற்றவும் அனுமதி வேண்டும்.

தேவைப்படாத இடங்கள்

பெயின்ட், டைல்ஸ், குழாய், மின்கம்பி மாற்றம் ஆகியவற்றுக்கு நல்ல மேஸ்திரியும் எலெக்ட்ரீஷியனும் போதும். வீட்டை முழுவதும் இடித்துக் கட்டும் முடிவோடு வாங்குவோருக்குக் கட்டட ஆய்வு வேண்டாம். மண், மட்டம், மனை அங்கீகாரம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். சுவர் இடித்தல், தளம் ஏற்றுதல், தரை உயர்த்துதல் ஆகிய மூன்றில் ஒன்று திட்டத்தில் இருந்தாலும், கட்டடக் கலைஞரை அழைத்துச் செல்ல வேண்டிய நாள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாள்.